கேட் போட்ட நாள்

கீழ்வேளூரில் இரண்டு பேர், திருவாரூரில் இரண்டு பேர்,
கொரடாச்சேரி நிறுத்தத்தில் ரெஜினா மேரி.
செவ்வாய், வியாழன், சனி.
தஞ்சாவூரில் பதினோரு மணிக்கு
அவர்கள் ரத்தத்துக்காக மெஷின் காத்திருக்கும்.
என் ஸ்கார்ப்பியோவுக்கு வயது பதினாறு.

நம் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் மதகு,
விட்டால் ரயில்வே மேம்பாலம்.
டர்போ உயிரோடு இருக்கிறதா என்று தெரிய
முன்னால் ஒரு நெல் லாரி வேண்டும்,
எதிரே கொஞ்சம் காலி ரோடு வேண்டும்.

அன்றைக்கு இரண்டும் இருந்தன.
அம்மாபேட்டைக்கு முன்னால் மிதித்தேன்.
இரண்டாயிரம் சுற்றில் முதுகில் கை வைத்துத் தள்ளுமே,
அந்தக் கை வரவில்லை.
விசில் இல்லை, கறுப்புப் புகை மட்டும்.
லாரிக்கும் எதிரே வந்த மினி பஸ்ஸுக்கும் நடுவில்
முந்தவும் முடியாமல் ஒதுங்கவும் இடமில்லாமல்
எத்தனை விநாடி என்று எண்ணவில்லை.
சாயங்காலம் திரும்பும்போது அதே வண்டி பறந்தது.

சகாபுதீன் பானெட்டுக்குள் அரை நாள் கிடந்தான்.
இன்டர்கூலர் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர்:
ஒரு குமிழ் கிளம்பவில்லை.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
குறுவை அறுவடைத் தூசு ஒரு படி கொட்டியது.
மாற்றினோம். "ஓட்டிக் காட்டு" என்றான்.
விளமல் வரை போய் வந்தேன்.
மாமனார் ஊருக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி
அவ்வளவு ஒழுங்கு.

தஞ்சாவூரில் ஸ்கேனர் வைத்திருப்பவர்
டர்போவே போச்சு, முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார்.
போனது தினமும்தானே போயிருக்க வேண்டும்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்குள் ஆளுக்கொரு வைத்தியம்.
"வரப்புல நண்டு வளை இருக்கும்.
தண்ணி கட்டற வரைக்கும் தெரியாது"
என்றார் கலியமூர்த்தி.
அமிர்தவல்லிக்கு டீசல் மேல் சந்தேகம்.
ரெஜினா மட்டும்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் தேதி போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து நீட்டினாள்.
ஒன்பது பயணம். நாலில் மூச்சு இல்லை.
"அந்த நாலு நாளும் நீடாமங்கலத்துல
கேட்டு போட்டிருந்தான் அண்ணே."

நாற்பது நிமிஷம் நிற்போம், இஞ்சினைக் கழற்றி மாட்டுவதற்குள்.
இவர்களுக்கு வேர்க்கக் கூடாது, ஏசியை அணைக்க மாட்டேன்.
காற்றோட்டமில்லாத பானெட்டின் அடியில்
சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.
சகாபுதீன் தொடும் நேரத்துக்கோ எல்லாம் ஆறியிருக்கும்.

"மெஷின்ல அலாரம் அடிச்சா
நர்ஸ் முதல்ல எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.
ட்யூப் எங்கயாச்சும் மடிஞ்சிருக்கான்னுதான் பாப்பாங்க."

சனிக்கிழமை கேட்டில் நிற்கும்போதே
இஞ்சின் ஓட, பானெட்டைத் தூக்கினேன்.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் கூடையோடு எட்டிப் பார்த்தாள்.
கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு
ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனால்,
ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன வாக்குவம் ட்யூப்
வெந்த சேமியா மாதிரி கையோடு வருகிறது.
எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான்
மீன் தொட்டி ட்யூபை வெட்டிப் போட்டிருக்கிறான்.
சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பி,
இரண்டு பக்கமும் ஒட்டிப்போய்க் கிடந்தது.
குளிர்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும்.
நிமிர்ந்ததைத்தான் இத்தனை நாள் எல்லோரும் பார்த்தோம்.

நூல் பின்னிய ட்யூப், மூன்றடி, நூற்று நாற்பது ரூபாய்.
சகாபுதீன் கூலி வாங்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கேட் போட்டிருந்தான்.
வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன்.
ஒரு கூட்ஸ், அப்புறம் இன்னொரு கூட்ஸ்,
ஐம்பது நிமிஷம்.
அம்மாபேட்டைக்கு முன்னால் நெல் லாரி,
தார்ப்பாய் முனை காற்றில் படபடக்க.
மிதித்தேன்.
முதுகில் கை வந்தது.

ரெஜினா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
பின் சீட்டிலிருந்து அமிர்தவல்லி:
"இவ்வளவு அவசரம் எதுக்குப்பா? மெதுவாத்தான் போயேன்."