தொட்டி புளித்த வாரம்

செவ்வாய் விடியலில் அடுப்பு எரியவில்லை.
நாலரை மணிக்கு சமையற்கூடத்திலிருந்து நாகவேணி போன் போட்டாள்:
"இன்னாய்யா உன் கேஸு, மீச முடிகூட கருகாது போலக்கீதே.
இங்க மாவு பொங்கி வழியுது."

காசிமேட்டுக்கும் ரயில்வே மதிலுக்கும் நடுவில்
பெயிண்ட் உரிந்த இரும்பு வயிறு ஒன்று.
அதற்கு நான் ஆப்பரேட்டர்.
ஊட்டுவது, கலக்குவது, முகர்ந்து பார்ப்பது.

தப்பு என்னுடையதுதான்.
ஞாயிறு முகூர்த்தம். தண்டையார்பேட்டையில் மூன்று மண்டபம்.
அன்றைக்கென்று வலை நிறைய மத்தி வேறு,
குடம் குடமாக எண்ணெய்க் குடல்.
"போட்டுடு, நாளைக்கு நாறும்" என்றான் லோடு வண்டி இன்னாசி.
போட்டேன்.

உள்ளே இரண்டு கூட்டம்.
முன்கட்டுக்காரர்கள் அவசரம் பிடித்தவர்கள்:
சோறு, கொழுப்பு, செவுள், எல்லாவற்றையும்
அரை நாளில் அறுத்துப் புளிப்பாக்கித் தள்ளிவிடுவார்கள்.
பின்கட்டுக்காரர்கள் நிதானம்.
அந்தப் புளிப்பைத் தின்று
நெருப்பாகக்கூடிய காற்றை விடுகிறவர்கள்.
பந்தி ஓடிய ஓட்டத்தில்
பின்கட்டில் கழுத்துவரை புளி.
வாயை மூடிக்கொண்டார்கள்.
காகிதம் நனைத்தேன். ஆரஞ்சு. ஐந்தரை.

பயிற்சியில் சொன்னார்கள்:
இவர்கள் குடிவந்தபோது பூமியில்
நாம் மூச்சிழுக்கும் காற்றே கிடையாதாம்.
பிராணவாயு அப்புறம் வந்தது,
புல்டோசர் மாதிரி.
தொட்ட இடமெல்லாம் செத்தார்கள்.
மிஞ்சியவர்கள் சேற்றுக்கடியில், மாட்டுக்குடலில்,
பக்கிங்காம் கால்வாயின் கருப்பு வண்டலில்
ஒதுங்கிக்கொண்டார்கள்.
பட்டா இல்லை.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கதவில் சிவப்பு பெயிண்டில் எழுதிய எண்
நூற்றுப் பதினேழு.
இப்போது பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
வேலை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது,
மூன்று பஸ் மாறி வந்து பார்க்கிறேன்.

பட்டினி போட்டேன்.
சூப்பர்வைசர், "ஏழு டன் என்ட்ரி வரணுமே" என்றார்.
"வயிறு சரியில்ல சார்."
"யாருக்கு?"
சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன், கொஞ்சம் கொஞ்சமாக.
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து
எட்டு டிரம்மில் இரைப்பைச் சக்கை,
இன்னும் சூடு ஆறாமல்.
மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிய இன்னாசி
"புதுசா ஆள் குடியேத்துறியா?" என்றான்.
ஆமாம்டா.

குப்பை மட்டும் நிற்கவில்லை.
அந்த வாரத்துச் சோறெல்லாம் கொடுங்கையூருக்கே போனது.
வண்டி திரும்பும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இரவில் மணலிப் பக்கம்
ரிஃபைனரிக் குழாய் உச்சியில் கொழுந்து ஆடும்.
அதுவும் இவர்கள் வகையறாதான்,
கோடிக்கணக்கான வருஷம் அமுங்கிக்கிடந்த
செத்த கடலின் பொடி உயிர்கள்.
அங்கே மிஞ்சுவதை வானத்தில் கொளுத்துகிறார்கள்.
இங்கே நான்
தண்ணீர்ப் பூட்டு பாட்டிலில் காதை வைத்து
ஒரே ஒரு குமிழுக்கு உட்கார்ந்திருந்தேன்.
கொசு கடித்த இடத்தைக்கூடச் சொறியவில்லை,
சத்தம் தவறிவிடும் என்று.

புதன் இல்லை. வியாழன் இல்லை.
வெள்ளியன்று வந்தது ஏதோ, எரியவில்லை,
தீக்குச்சியை அணைத்துவிட்டுப் போனது.
பெருமூச்சு மட்டும் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, மூன்றே முக்காலுக்கு,
ளக்.

அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ளக், ளக்.

குச்சி கிழித்துக் காட்டினேன்.
நுனி நீலம். நகக்கண் அளவு.
ஒரு வாளி பழைய சோறு, தண்ணீர் விட்டுக் கரைத்து,
கட்டியில்லாமல், மெதுவாக ஊற்றினேன்.
நோட்டில் தேதி, நேரம், காகிதத்தின் நிறம்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
வழக்கமாகக் கோடு இழுப்பேன்.
'இருக்கிறார்கள்' என்று எழுதினேன்.

போன் அடித்தது.
நாலு ஈடுதான் வெந்ததாம்,
அஞ்சாவது நடுவில் மாவாகவே இருக்கிறதாம்,
யார் வந்து தின்பது என்று கேட்கிறாள்.
அனுப்பு இங்கே, என்றேன்.