மடிப்புக்குக் கீழே

பீடோர் பஸ் நிலையத்தில் என் ஒட்டுக்கடை.
ஐந்தரைக்கு லாரி கட்டுகளை எறிந்துவிட்டுப் போகும்.

சின்னப் பத்திரிகையின் முகப்பில் ஒரே படம்:
செம்பனை ஆலை வாசலில்
ஒற்றை பூட்ஸ்.
உள்ளங்கை அகலச் சிவப்பில் "உடல் நசுங்கியது!"
யாருடையது என்று இல்லை.

பெரியதில் எட்டுப் பத்திக்கும் அமைச்சர்
நாடா வெட்டுகிறார்.
ரப்பர் விலை, வெள்ள எச்சரிக்கை.
மடிப்புக்குக் கீழே, டயர் விளம்பரத்தை ஒட்டி
நாலு வரி:
சன்னாசி த/பெ மாரிமுத்து, 41.

கிளிப்பில் மாட்டினால்
மேல்பாதிதான் ரோட்டைப் பார்க்கும்.

ஆறு மணி பஸ்ஸில் தங்கை பவளம் இறங்கினாள்.
சிவப்பின் பக்கம் திரும்பவில்லை.
"பேர் போட்டிருக்கானா?"

புரட்டிக் காட்டினேன்.
வேண்டாமென்றும் கேளாமல்
ரெண்டு வெள்ளி வைத்தாள்.

மிச்சம் பதினொன்றையும் திருப்பி மாட்டினேன்.
அமைச்சர் சுவரைப் பார்த்துத் தொங்கினார்.

ஒன்பது மணிக்குள்
இரண்டு பேர்
டயர் என்ன விலை என்றார்கள்.