பதினோரு பிரேம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, மூன்றாம் மாடி அறையில்
ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இந்த மாதம் இங்கே எதுவும் காய்வதில்லை.

எழுபத்திரண்டு நிமிட ஆவணப்படம்.
சவரியாயிக்கு அதில் முகம் இல்லை.
பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் ஒட்டிய ஒரே புகைப்படம்,
அதிலும் கந்தோர் முத்திரை இடது கண்ணில்.
நாற்பது தடவை கேமராவை மெல்ல நெருங்கவிட்டோம்.
நாற்பது தடவையும்
முத்திரைதான் பெரிதானது.

மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னவை.

பகலில் ஸ்டோரில் தூள் சலிப்பாள்.
இரவில் பெட்டியடிக்கும் அறையில்
இரண்டு தேயிலைப் பெட்டிமேல் ஒரு ஜன்னல் கண்ணாடி,
கீழே பல்ப், மேலே கேமரா:
சலவைக் கணக்குத் தீர்க்காமல் கப்பலேறிய சின்னத்துரை
அவள் அப்பனுக்கு ஈடாக விட்டுப்போனது.
கண்ணாடியில் தூளைத் தூவி
கொண்டை ஊசியால் கோடு இழுத்து
கோழியிறகால் அழித்து
ஒரு படம். மறுபடி ஒரு படம்.

தராசுக்குக் கால் முளைப்பதுதான் கதை.
தினமும் இரண்டு இறாத்தல் பொய் சொல்லிச் சலித்து
கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு
ஸ்டேஷனுக்கு நடக்கிறது தராசு.
டிக்கெட் கேட்டு வந்தவர்
கொக்கியில் தொங்கித் தன் எடை பார்க்கிறார்.
சரியான எடை.
இறங்கித் தொப்பியைக் கழற்றுகிறார்.

கடைசியில் கடல்.
அவள் கடல் பார்த்தவளில்லை என்கிறார் சந்தனம்.
தங்கச்சி குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியபோதும்
ஸ்டேஷன் வரைக்குந்தான் போனாளாம்.
அதனால் அவளுடைய கடல் அலையடிப்பதில்லை.
பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது,
மாதா கோயில் மணிக்கூண்டை முதலில் விழுங்கி
பிறகு மேல்கணக்கு லயத்தை,
பிறகு தராசை.

ஊதினால் போய்விடும் தூள்.
ஆகவே படத்துக்கு ஒரு மூச்சடக்கம்.
நாலு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று
துஷாந்தி கணக்குப் போட்டுப் பின்னணிக் குரலில் எழுதினாள்.
நான் வெட்டிவிட்டேன்.
அந்த இடத்தில் யாரும் பேச வேண்டாம்.

டீமேக்கரின் பேரேட்டில் ஒரு வரி:
'டஸ்ட் நம்பர் ஒன், நாலரை இறாத்தல் குறைவு. காரணம்: எலி.'
எலி தேயிலை தின்னாது.
அப்பாவுக்குத் தெரியும் என்று
அவர் மகன் கேமரா முன் சிரிக்கிறார்.
தெரிந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை.

கொழும்பு லேபிலிருந்து கடிதம்:
படம் முழுக்க வெளிச்சம் துடிக்கிறது, சரிசெய்து அனுப்பவா?
வேண்டாம் என்றேன்.
பின்னிரவு இரண்டு மணிக்குக் கீழே ரோலர்கள் சுழலும்.
சுழன்றதும் பல்ப் சோரும்.
எந்த அடியை இரண்டு மணிக்கு முன் வைத்தது தராசு,
எந்த அடியைப் பின், எனக்குத் தெரியும்.
ஏன் என்று கேட்டார்கள்.
ரோலர் என்றேன்.
மறுபடி ஏன் என்று கேட்டார்கள்.

மூன்றாம் நிமிடத்தில், கடல் பாதி ஏறியபோது
பொத்தான் இறுகிக் கேமரா தானாக ஓடியிருக்கிறது.
பதினோரு பிரேம்.
அரை விநாடிகூட இல்லை.
அதில் ஒரு கட்டைவிரல்,
ஓரத்தில் மட்டும் சதை ஒளிவிட,
யாரும் வரையாமல்
தானாக நகர்கிறது.
கடைசி மூன்றில் தூள் சிதறுகிறது.
திடுக்கிட்டு
மூச்சு விட்டுவிட்டாள்.

நிறுத்திக் காட்டு, வட்டம் போடு என்கிறாள் துஷாந்தி.
முதல் கார்ட்டூன்காரி என்று
தலைப்பில் போடலாமா என்றும் கேட்கிறாள்.
இரண்டுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாளை டவுன் ஹாலில் திரையிடல். கரண்ட் இருந்தால்.
சந்தனம் போனில் கேட்டார்: அவ எந்த எடத்துல வாறா?
கடல் வரும்போது கண் சிமிட்டாதீங்க என்றேன்.
'ஆப்பரேசன் செஞ்ச கண்ணு தம்பி,
அது பாட்டுக்குச் சிமிட்டும்.'