அட்டைகள், மூன்றாம் பிரிவு

முதல் சண்டை பெயருக்கு.
சிங்கம் ஏற்கெனவே கொடியில் இருக்கிறது.
புலி வேண்டாம் என்றார் புஸ்பகாந்தன்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
சிறுத்தை, கழுகு, இடி, மின்னல் எல்லாம்
கொழும்புக்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.
கால்சட்டையை முழங்கால் மட்டும் சுருட்டி
கெண்டைக்காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்த துஷாந்தினி
தலை நிமிராமலே சொன்னாள்:
"அட்டைன்னு வைங்க.
புடிச்சா விடாது. சத்தமும் போடாது."

இப்படித்தான் லிந்துலைக்கு மேலே
மூடிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்றில்
ஐஸ் ஹாக்கி அணி உண்டானது,
ஐஸ் இல்லாமல்.

ஐஸ் நாங்கள் பார்க்காததில்லை.
திருகோணமலை மீன் லொறி
கடைவீதி நெடுக ஒழுகவிட்டுப் போவது ஒன்று.
தை மாத விடியலில்
பள்ளத்துத் தேயிலையில் இறங்கி
ஒன்பது மணிக்குள் கொழுந்தைக் கருக்குவது இன்னொன்று.
முன்னது நாறும். பின்னது சுடும்.
வழுக்கி விளையாடுகிற மூன்றாவது ஐஸ்
வின்னிப்பெக்கில் இருக்கிறதாம்.
அங்கே ரோட்டில் பனி வாரும் அந்தோனிராஜ்
பெட்டி கட்டி அனுப்பினான்
பதினாலு சோடிச் சப்பாத்து,
அடியில் கத்தி வைத்தது.

கத்தியைக் கழற்றினோம்.
நல்ல இரும்பு. சமிந்த மூன்றுக்குப் பிடி போட்டு
கவ்வாத்துக்குக் கொடுத்துவிட்டான்.
கத்தி இருந்த இடத்தில் ரோதை பூட்டினோம்,
சப்பாத்துக்கு நாலு.
பூட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது
இயந்திரம் நின்று ஆறு வருசமாகியும்
வாசலில் ஒருத்தர் காவலுக்கு இருப்பது.
ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தோம்,
சுருட்டும் வைத்தோம்.
வெள்ளைக்காரன் ரோதையைப் பார்த்தவர்
இதையும் பார்த்துக்கொள்வார்.

கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் மைதானம்.
பலகை இடுக்கில் இன்னும் பச்சை வாசம்.
விழுந்து எழும்பினால் முழங்கையில்
யாரும் விற்காத தேயிலைத் தூள்.

நான் கோல் காக்கிறேன்.
யோகமலர், நாலாம் நம்பர் மலை.
கால்களுக்குப் படங்கை மடித்துக் கட்டியிருக்கிறேன்.
ஹெல்மெட்டின் விளிம்பு
கூடைக்கயிறு நெற்றியில் போட்ட தடத்தில்
அளவெடுத்தது போல வந்து உட்கார்ந்தது.

சங்கத்திலிருந்து படிவம் வந்தது.
அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்தில்
சிரிக்கத் தொடங்கிய இர்பான்
நிறுத்த முடியாமல் வெளியே போனான்.
ஒரு அட்டைக்காக இந்த மலையில்
அரை நூற்றாண்டு வரிசையில் நின்றார்கள்,
மற்ற அட்டை காலில் ஏறிக்கொண்டிருக்க.
பட்டியல் எழுதியவன் கணக்கப்பிள்ளையின் மகன்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற வீட்டுப் பேனா.
பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.
பதினாலும் முழுப்பேர்.

நேற்றுத் தொடக்க விழா.
பத்து மணி என்ற தலைவர் ஒன்றரைக்கு வந்தார்.
கிரிக்கெட் என்று நினைத்துப் பேசினார்,
எதிரியின் விக்கெட்டுகளைச் சாய்க்கச் சொன்னார்.
கை தட்டினோம்.
ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் காணவில்லை,
சப்பாத்துக் கத்தி ஒன்றை நீட்டினாள் துஷாந்தினி.
பிறகு மட்டையைக் கொடுத்து
வில்லையைத் தட்டித் தொடங்கி வையுங்கள் என்றோம்.
தட்டினார்.
பிடித்துவிட்டேன்.

மாடி அமைதியானது.
புஸ்பகாந்தன் என்னை முறைத்தார்.
படம் பிடிக்க வந்த பெடியன்
கோல் விழுகிற மாதிரி
இன்னொரு தரம் என்றான்.
தலைவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு
இந்த முறை பலமாகவே அடித்தார்.
இன்னொரு தரமும் பிடித்தேன்.

சனிக்கிழமை கண்டியோடு முதல் ஆட்டம்.
பஸ்ஸுக்கு இன்னும் நாலாயிரத்து முந்நூறு குறைகிறது.
தலைவரிடம் கேட்கலாம் என்றிருந்தோம்.