மணல்மூட்டை

கோண்டாவில் பட்டறையில்
முதல் வருசம் நாலே கட்டில்.
ஏறிப் படுத்துப் பார்ப்பது என் வேலை.
தவநேசன் பிடியைச் சுற்றுவார்,
தலைமாடு எழும்பும்,
கீச்சிட்டால் கிறீஸ்.

"எப்பிடி, சுபோதினி?"
"முதுகிலை ஒரு ஆணி குத்துது."
கழற்றி அராவுவார்.

இப்போது சுன்னாகத்தில் இரண்டாவது கொட்டில்,
முதியோர் இல்லங்களுக்குக் கிழமைக்கொரு லொறி.
காசு பெரும்பாலும் கனடாவிலிருந்து;
எவருடைய அம்மாவுக்கு என்று
பற்றுச்சீட்டில் இராது.

எனக்கு மேசையும் கணினியும் தந்தார்கள்.
படுப்பது எண்பது கிலோ மணல்மூட்டை.
மூட்டைக்கு
எந்தக் கட்டிலிலும் குறையில்லை.

நேற்று, லொறி வர அரைமணி இருக்க,
செருப்பை விட்டுவிட்டு
முப்பத்தேழாவதில் ஏறினேன்.
இடது தோளடியில்
ஆணி.

எழும்பாமலே
தவநேசனைக் கூப்பிட்டேன்.