நாலில் மூன்று

சட்டத்தரணி சொன்ன தொகையைக் கேட்டு
சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தவள் நான்.
மா ஆலை வாசலில் லொறி நிறுக்கிற வேலை.
பதினொரு வருடம் இலக்கம் பார்த்த கண்ணுக்கு
ஓர் உறுதியைப் பார்க்கத் தெரியாதா?

கடைசி ஒப்பத்துக்கு நொத்தாரிசு வேண்டும், அது சட்டம்.
அதுவரைக்கும் நான்.

காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் தேடினால் போதும் என்றார்கள்.
ஐம்பது தேடினேன். லீவு மிச்சம் இருந்தது.
தாள் புரட்டப் புரட்ட விரல் நுனியில்
யார் யாரோ விற்ற வீடுகளின் தூசு.

மனையாவெளி, பதினான்கு பேர்ச்சஸ், ஓட்டு வீடு,
பங்குக் கிணற்றில் பாதி.
வடக்கு ஒழுங்கை. கிழக்கு செல்லத்தம்பியின் காணி.
தெற்கு, முன்னர் செல்லத்தம்பிக்குச் சொந்தமாயிருந்து
இப்போது பிறருக்குச் சொந்தமான காணி.
மேற்கு வாய்க்கால்.

வாய்க்காலைத் தேடி நானும் நிஸ்தார் சேர்வேயரும்
ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றோம்.
அது இருந்த இடத்தில் ஒரு கராஜின் பின்மதில்.
மதிலோரம் இரண்டு மான்
எவருடைய எல்லையென்று கேளாமல்
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றன.

மூன்றாம் நாள் கண்டேன்.
எண்பத்தேழாம் ஆண்டு நன்கொடை உறுதி:
தகப்பன், நாலு பிள்ளைகளுக்கும் சமபங்காய்.
"பராயமடையாத தவச்செல்வனுக்காக
அவரது மாமன் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டார்."

விற்க வந்த இராசநாயகத்தின் கையில் மூன்று பங்கு.
அவருடையது ஒன்று,
கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும்
தங்கைமார் அனுப்பிய அற்றோணித் தத்துவம் இரண்டு.
நாலாவது?

"தொண்ணூறு ஆனியில போனவன்," என்றார்,
சந்தைக்குப் போனதைச் சொல்வதுபோல.

"அதெல்லாம் பார்த்தா ஊரில ஒருத்தரும் வீடு வாங்கேலாது,"
என்றார் நொத்தாரிசின் கிளாக்கர்.
லொறியில் கால்வாசி குறைந்தால்
நான் வாசலைத் திறப்பதில்லை.

காணவில்லை என்பதற்கும் இப்போது ஒரு சான்றிதழ் உண்டு.
படிவத்தை நானே எடுத்துப் போனேன்,
கெட்டித்தனமாய், மூன்று பிரதி,
அன்புவழிபுரத்துக்கு, அவர்களின் தாயிடம்.
அவர் வாசிக்கவில்லை.
ஒரு பிரதியை நாலாய் மடித்து
என் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார்,
மேசையில் வட்டம் விழாமலிருக்க.
"செத்தவன் எண்டு ஒப்பம் வைக்கமாட்டன்.
இல்லை எண்டும் வைக்கமாட்டன்.
சீனி போதுமோ, பிள்ளை?"

வங்கி கையை விரித்தது.
சேமலாப நிதி, இரண்டு காப்பு, ஒரு சீட்டு.
இராசநாயகம் விலையில் கால்வாசி குறைத்தார்.
நான் கேட்கவில்லை.
கேட்க இருந்தேன்.

உறுதியை நானே எழுதிக்கொண்டு போனேன்:
"பிரிபடாத நாலில் மூன்று பங்கும்
அதற்குரிய வழி, வாய்க்கால், கிணற்றுரிமையும்."
நொத்தாரிசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்,
ஒரு காற்புள்ளியை மட்டும் வெட்டினார்,
முழுக் கட்டணமும் எடுத்தார்.

எந்த அறையை விட்டுவைப்பது என்று
நிஸ்தாரிடம் கேட்டேன்.
"அறை இல்லை, தங்கச்சி.
பிரிபடாத பங்கெண்டால்
ஒவ்வொரு கல்லிலும் அவருக்குக் கால்."

ஒவ்வொரு கல்லிலும்.
ஓடு மாற்றினேன், நாலில் ஒன்று அவர் தலைக்கு.
கிணறு இறைத்தேன்.
இரவுவேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது
ஒரு செருமல் செருமிவிட்டு உள்ளே போகிறேன்,
ஏனென்று தெரியாது.

நகரசபையிலிருந்து சோலைவரித் துண்டு
இரண்டு பெயருக்கும் வருகிறது:
பொ. தவச்செல்வன், சி. ஞானாம்பிகை.
முழுவதையும் நான்தான் கட்டுகிறேன்.
ரசீதின் பின்பக்கத்தில்
பென்சிலால் கால்வாசியை எழுதி வைக்கிறேன்,
ஐந்து வருடத்து ரசீதும் ஒரே கிளிப்பில்.
வந்தால் கேட்க.