முற்றவெளிக்குக் கடல் வந்த கிழமை

ரிக்கற் ஒன்று ஐந்நூறு ரூபாய்.
நாலு பேருக்கும் தாட்சாயினிதான் எடுத்தாள்,
"டொரன்ரோவில இதுக்கு நாப்பது டொலர்" என்றபடி.
எங்களுக்குக் குத்தவேண்டும் என்றில்லை,
எதையும் பெருக்கிப் பார்க்கிற வியாதி அவளுக்கு,
ரியூசன் காலத்திலிருந்தே.

தகரம் அடைத்து, நீலப் படங்கு இழுத்து
உள்ளே ஒரு கடலை வைத்திருந்தார்கள்.
வாசலில் காற்றடித்த சுறா
சோளகத்துக்குத் தலையை ஆட்டி ஆட்டி
ஆட்களைக் கூப்பிட்டது.

முதல் தொட்டிகளில் வெறும் வீட்டு மீன்கள்.
பர்ஹானா ஒவ்வொன்றுக்கும் முன்னால் குந்தியிருந்து
உதடு பிதுங்கிய ஒன்றைக் காட்டி
"இஞ்ச பார், எங்கட அதிபர்" என்றாள்.
பார்த்தால், அதிபர்தான்.
காலைப் பிரார்த்தனையில் மைக் வேலை செய்யாத அன்று
நின்ற அதே நிலை.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பக்கத்தில் நின்ற குழந்தையொன்று வீரிட்டது.

செலஸ்ரின் சிரிக்கவில்லை.
குழாயைத் தடவி, மோட்டரைக் குனிந்து பார்த்து,
தொட்டி கழுவுகிற பொடியனிடம்
அரைச் சிங்களத்தில் விசாரித்துக்கொண்டு வந்தான்.
"தண்ணி பவுசரில வருதாம்.
உப்பு புத்தளத்தில இருந்து
மூட்டை மூட்டையாக் கொண்டந்து கரைக்கினமாம்."
சொல்லிவிட்டுத் தகரத்துக்கு அங்கால் பார்த்தான்.
அங்கால் றோட்டு.
றோட்டுக்கு அங்கால்
பண்ணைக் கடல் சும்மா கிடந்தது.

ஒரு பலகையில் "முயல் மீன்" என்றிருந்தது.
"முயலோ? இது ஒராவெல்லோ!"
அவனுக்கு உண்மையாகவே கோபம்.
"முயலெண்டு சொல்லி வித்தா
ஆர் சொதி வைப்பினம்?"

பிறகு, கண்ணாடிச் சுரங்கம்.
தலைக்கு மேலே தண்ணீர் வளைந்து நின்றது.
திருக்கையொன்று வயிற்றை ஒட்டிக்கொண்டு போக
எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.
தாட்சாயினி மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
அங்கே விடிய ஏழரை,
வாய்க்குள் பாண்.
"அம்மா, அது உண்மையான மீனோ?" என்றான்.
"ஓமடா, உண்மையான மீன்" என்றவள்
நிச்சயமில்லாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

செலஸ்ரின் நடுவில் நின்றான்.
சனம் இடித்துக்கொண்டு போனது.
"என்னடா?" என்றேன், பதிலில்லை.
முகத்தில் நீல வெளிச்சம், இறுக்கிய வாய்,
கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து வந்தது.
அப்போதுதான் விளங்கியது,
மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

காலில் செருப்போடு,
பின் பொக்கற்றில் மோட்டச்சைக்கிள் திறப்போடு,
கிழிந்த ரிக்கற்றுக் கையில் இருக்க.

பதினொரு வருஷம் கடலட்டைக்குச் சுழியோடுகிறவன்.
இரவில், டோர்ச் வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள்
கையையும் மணலையும் மட்டும் பார்த்தவன்.
மேலே பார்த்தால் அவனுக்கு எப்போதும்
வள்ளத்தின் அடிப்பலகைதான்.

தோளில் தட்டினேன்.
"விடடா, மூச்சை விடு."
விட்டான். கண்ணாடியில் புகார் படர்ந்து
ஒரு பாரையை மறைத்தது.
"எவ்வளவு நேரம் நிண்டனான்?"
"ஆர் எண்ணினது?"
"எண்ணியிருக்கலாம்" என்றான், வலு சீரியஸாக.

வெளியே ஐஸ்கிறீம் குடித்தோம்.
டொரன்ரோவில் நடக்கவே தேவையில்லையாம்,
நிலத்தில் ஒரு பட்டி ஓடுமாம்,
ஏறி நின்றால் மீன்களுக்கடியால்
அதுவே கொண்டுபோய் விடுமாம்.
"நீவாடு" என்றான் செலஸ்ரின்.
"என்ன?"
"ஒண்டுமில்லை. உனக்கு உருகுது, குடி."

தாட்சாயினி பறந்து மூன்றாம் நாள்
கூடாரத்தையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.
நேற்று எங்கள் குறூப்பில் ஒரு படம் விழுந்தது.
முற்றவெளிப் புல்லில் நீளமாக ஒரு கருகல்,
உப்புத் தண்ணி ஊற்றிய இடம்,
நடுவில் வளைந்து, சுரங்கத்தின் அதே அளவில்.
அதற்குள் ஒரு மாடு
மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது.

செலஸ்ரின் ஒரு சொல்லும் எழுதவில்லை.
பர்ஹானாதான் கேட்டிருந்தாள்,
மாட்டுக்கு ரிக்கற் எடுத்தது ஆர் என்று.